நமது கதைகளில் இறக்கும் தாய்மார்

சென்ற ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்திருந்த கைப்பிரதிகளை மதிப்பிடும் பொறுப்பு என்னிடமும் வேறு இரு நண்பர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட கதைகள். அவற்றுள் ஏழு கதைகளில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோகிறாள். மழை பெய்கிறது. விளக்கு அணைகிறது. உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. கிழவியொருத்தி வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். கணவன் வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

ஏழையும் ஒரே மாலையில் வாசிக்க நேர்ந்ததனாற் போலும், ஒரு விஷயம் என் மனதை உறுத்திற்று. அவள் ஏன் இறந்தாள் என்ற கேள்வி ஏழு கதைகளிலும் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்தேனும் எழவில்லை. இரத்தப்போக்கா, வலிப்பா, பிரசவத்தின் பின் வந்த சுரமா? கர்ப்ப காலத்தில் எவரேனும் அவளைச் சோதித்தார்களா? ஆஸ்பத்திரி எத்தனை மைல் தூரத்தில் இருந்தது? வண்டி கிடைக்கவில்லையா, வண்டிக்குப் பணம் கிடைக்கவில்லையா, புறப்படுவதற்கு மாமியாரின் சம்மதம் கிடைக்கவில்லையா? கதாசிரியர்களுக்கு இவை இலக்கியத்துக்குப் புறம்பானவையாகத் தோன்றியிருக்கின்றன. மின்னலையும் மழையையும் பற்றி எழுதுவதற்கு மாத்திரம் ஒருவரும் பஞ்சம் வைக்கவில்லை.

புதிதாக எழுதத் தொடங்கியோரின் குறையென்று இதனை ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. அவர்கள் நம்மிடமிருந்தே கற்றனர். தமிழ்ப் புனைகதையில் தாயின் மரணம் நெடுங்காலமாகவே ஒரு வசதியான சாதனமாக இருந்து வந்திருக்கிறது. தாய் இறந்தால் அநாதைக் குழந்தை கிடைக்கும், மாற்றாந்தாய் கிடைப்பாள், கணவனுக்கு இரண்டாம் விவாகமும் வாசகருக்குக் கண்ணீரும் கிடைக்கும். நமது பழைய நாவல்களின் கதைப்பின்னலில் எத்தனை இடங்களில் இந்த மரணம் அச்சாணியாக நின்று உதவியிருக்கிறது என்பதை எண்ணிப்பார்ப்போருக்கு நான் கூறுவது மிகையாகத் தோன்றாது. பெண்ணொருத்தி சாவதற்குக் காரணம் தேவையில்லை என்ற எண்ணம் இவ்வாறு ஓர் உத்தியாகவே நிலைபெற்றுவிட்டது. விதி என்ற சொல்லைக் கதாசிரியன் எழுதாவிடினும், காரணம் கூறாத இடத்தில் விதி தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"நாங்கள் கண்ணாற் கண்டதைத்தானே எழுதுகிறோம், எங்கள் பாட்டிமார் அப்படித்தானே இறந்தார்கள்" என்று ஒருவர் வாதிடலாம். உண்மைதான், இறந்தார்கள். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறக்குறைய 2000 தாய்மார் மரணமடைந்தனர். நூறு பிரசவங்களில் இரண்டு தாயின் சாவில் முடிந்தன. ஒருத்தி ஐந்தாறு பிள்ளைகள் பெறுவது வழமையாயிருந்த அக்காலத்தில், பத்துப் பெண்களுள் ஒருத்திக்கேனும் பிரசவமே எமனாயிற்று என்று கொள்ளலாம். 1934இலும் 1935இலும் நாட்டை அலைக்கழித்த மலேரியாக் கொள்ளைநோய் இவ்வெண்ணிக்கையை இன்னும் மேலே தள்ளிற்று. ஆயினும் 1950களின் தொடக்கத்தில் அது அறுநூறுக்குக் கீழே இறங்கிவிட்டது. அண்மைய ஆண்டுகளில் முப்பதைச் சுற்றி நிற்கிறது. விதி இருபது ஆண்டுகளுக்குள் மனம் மாறிவிட்டதா என்ன?

இந்த இறக்கத்தின் வரலாறு எந்த நாவலாசிரியனுக்கும் கிடைத்தற்கரிய கதைப்பொருள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன்வழி, பயிற்சி பெற்ற மருத்துவமாது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளிக்குக் காத்திராமல் கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆண்களோடு பெண்களும் வாக்களித்தனர். வாக்குக் கேட்டு வந்த பிரமுகரிடம் வீதியும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்கலாம் என்பதைக் கிராமம் அறிந்துகொண்டது. 1946இலிருந்து டி.டி.ரி. தெளித்து மலேரியா அடக்கப்பட்டது. மலேரியாவினால் இரத்தம் வற்றிய உடலோடு பிரசவத்திற்குச் சென்ற பெண்களின் தொகை அதனாற் குறைந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம் 1951இலிருந்து நிலைபெற்றது. இவற்றுக்கிடையே கிராமந்தோறும் தாய்மொழிப் பாடசாலைகளிற் படித்து வெளியேறிய சிறுமிகள், பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பின் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கும் தாய்மாராயினர். இவையெல்லாம் யாரோ கருணையால் ஈந்தவை அல்ல. கேட்டதனால் வந்தவை, கேட்க முடிந்தவர்களுக்கே முதலில் வந்தவை.

இவ்விடத்தில் ஒருவரைக் குறிப்பிடாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. கனடாவிற் பிறந்து, 1896இல் வைத்தியராக இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்ட மேரி ரட்ணம், பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடியவர். கிராமத்துப் பெண்களிடையே லங்கா மகிளா சமிதியைத் தொடங்கியவரும் அவரே. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. பிள்ளைப்பேற்றைத் திட்டமிடுதல் பற்றிப் பேசுவதே மானக்கேடாகக் கருதப்பட்ட காலத்தில் அதற்கெனச் சேவை நடத்தியவர். இப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தை நான் எந்தத் தமிழ்க் கதையிலும் சந்தித்ததில்லை. நமது கதைகளில் வரும் டாக்டர் காதலனாக இருப்பார், அல்லது கதை முடியும் தறுவாயில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "இனிக் கடவுள் விட்ட வழி" என்று சொல்லிப் போவார்.

நம்மவர்களும், அதாவது முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரும், இதிலிருந்து முற்றாகத் தப்பிவிடவில்லை. நமது கதைகளில் பெண்ணின் நோய் ஒரு சின்னமாக வருகிறது. அவள் இருமினால் அது சுரண்டலின் இருமல். அவள் இறந்தால் அது வர்க்க சமுதாயத்தின் குற்றம். குற்றம் சமுதாயத்தினதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் சமுதாயம் எந்தக் கையால், எந்த விதியின் பெயரால், எந்த நாளில் அவளைத் தொட்டது என்பதைக் காட்டாவிடின் 'விதி' இருந்த நாற்காலியிற் 'சமுதாயம்' வந்து அமர்ந்துவிட்டது என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவுமில்லை. யதார்த்தம் என்று நாம் பேசுவது, காரணங்களை அவற்றின் சொந்தப் பெயரால் அழைப்பதையே.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இன்றும் நம் நெஞ்சைத் தொடுவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வந்த மருதியின் நோய் எங்கிருந்தோ வந்து அவளைப் பற்றிக்கொண்ட நோயன்று. தோட்டத்தில் அதிகாரம் யாரிடம் இருந்தது, அந்த அதிகாரம் பெண்ணின் உடலை எவ்வாறு தன் சொத்தாகக் கொண்டது என்பதிலிருந்து பிறந்த நோய் அது. கதையில் நடை தளரும் இடங்கள் உண்டு; தோட்டத்து வாழ்க்கையின் நுணுக்கங்களிற் சில பிழைபட்டும் இருக்கலாம். காரணத்தை மறைக்காத நேர்மை அதில் இருக்கிறது.

தோட்டம் என்று எழுதியபின், அதைக் கடந்து போக முடியாது. மேலே கூறிய மரணவிகிதம் குறைந்த வரலாறு எல்லாப் பெண்களுக்கும் ஒரே நாளில் நிகழ்ந்த வரலாறு அன்று. களுத்துறையிலிருந்து பரவிய மருத்துவமாது நெடுங்காலம் தோட்டத்தின் எல்லைக் கல்லருகே நின்றுவிட்டாள். எல்லைக்கு அப்பால் துரையின் இராச்சியம். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் 1872இலேயே வந்துவிட்டது என்பது மெய். நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு முன்னரே தோட்டத்திற்கு வைத்தியம் வந்ததெனப் பெருமையடிப்போரும் உண்டு. ஆனால் அச்சட்டத்தின் கண்ணிற் பட்டது கூலியின் கைகாலே. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியபோதும், இரத்தசோகை நீங்கினால் வேலை கூடும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. புழு ஒழிந்தது பெண்ணுக்கும் நன்மையே. ஆயினும் அவளுக்காக அது ஒழிக்கப்படவில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சகாயச் சட்டம் தொழில் செய்யும் தாய்க்குப் பணமும் ஓய்வும் வழங்கிற்று. தோட்டத்துப் பெண்ணுக்கு மாத்திரம், பணத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக உணவும் தோட்டத்துப் பிரசவ விடுதியில் இடமும் கொடுத்து 'மாற்றுச் சகாயம்' எனக் கணக்கு வைக்கலாம் என்ற தனிவிதி அதில் நுழைந்தது. காசைத் தன் கையிற் பெற்று என்ன வாங்குவதெனத் தானே தீர்மானிக்கும் தாய் வேறு, துரை தருவதை ஏற்கும் தாய் வேறு. 1948இற் பிரஜாவுரிமையும் அதனையடுத்து வாக்கும் பறிக்கப்பட்டன. வாக்குக் கேட்டு வருவோரிடம் ஆஸ்பத்திரி கேட்கலாம் என்றேனல்லவா? கேட்கும் வாயே அடைபட்டது. பக்கத்துக் கிராமத்திற்கு வீதி வந்தது, கிளினிக் வந்தது. லயத்திற்கு வரவில்லை. 1974ஐ ஒட்டிய உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிலே மரணவிகிதம் மேலெழுந்தது இந்த வரலாற்றின் தொடர்ச்சியே. ஒரே கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984இலேதான் வந்தது.

ஒன்றில் மாத்திரம் தோட்டத்துப் பெண் மறக்கப்படவில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் ஊக்கமாகக் கொடுக்கப்பட்ட 1980களில், அவளைத் தேடி வந்தவர்கள் உண்டு. பிள்ளை பெறுவதற்கு வண்டி கேட்டால் கிடைக்காத வண்டி, பெறாமலிருப்பதற்குக் கேளாமலே வந்தது. பிள்ளைப்பேற்றைத் தானே கட்டுப்படுத்தும் உரிமைக்காகவே நாம் வாதாடுகிறோம். ஆனால் வறுமையில் வாடுபவளின் முன் நோட்டை நீட்டிப் பெறும் சம்மதத்தை உரிமையென்று எவ்வாறு அழைப்பது? இதே நாட்டில், 1883இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்றும் தேவை ஒன்றைத் தவிர வேறெந்த நிலையிலும் கருக்கலைப்பை இன்றுவரை குற்றமாகவே வைத்திருக்கிறது. வசதியுள்ள பெண் பணம் கொடுத்துத் திறமையான கையைத் தேடிக்கொள்கிறாள். வசதியற்றவள் கம்பியோடும் கஷாயத்தோடும் நிற்கும் ஒருத்தியிடம் போய்ச் சீழ்பிடித்துச் சாகிறாள். நமது கதைகளில் அவள் கிணற்றில் விழுகிறாள். கிணறு எழுதுவதற்கு எளிது.

போர்க்கால வன்னியிற் பிரசவித்த பெண்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது. அதை இங்கே இரண்டு வரியில் தொட்டுவிட்டுச் செல்வதற்கு எனக்குத் துணிவில்லை.

மீண்டும் அந்தக் கைப்பிரதிக் கட்டுக்கு வருகிறேன். அதில் ஒரு கதையில் எவரும் சாகவில்லை. மலைநாட்டைச் சேர்ந்த மாணவி ஒருத்தி எழுதியது. மூன்றாவது பிள்ளையைச் சுமக்கும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண், தோட்டத்து டிஸ்பென்சரியில் நடக்கும் கிளினிக்குக்குப் போகிறாள். வேலைநாள் ஆகையால் அன்று அவளுக்கு அரைப்பேர்தான். வரிசையில் நின்று முறை வந்ததும், மருத்துவமாது சிவப்புக் குளிசைகளைக் கொடுத்துச் சிங்களத்திற் சிலவற்றைக் கூறுகிறாள். இவளுக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்குப் போதுமானது, கிளினிக்குக்குப் போதாது. "ஹரி மிஸ்ஸி, ஹரி" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறாள். ஒருநாளும் தவறாமல் குளிசையை விழுங்குகிறாள். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் குடிக்கும் சாயத்தண்ணியோடு விழுங்குகிறாள். அடுத்த மாதம் இரத்தத்தைச் சோதித்தபோது அது ஏறவேயில்லை. குளிசையைக் குடியாமல் எறிந்துவிட்டுப் பொய் சொல்வதாக மருத்துவமாது ஏசுகிறாள். ஏச்சின் பொருள் அவளுக்கு மொழி தெரியாமலே விளங்குகிறது. மறுமாதம் அவள் வெறும் குளிசை உறைகளையெல்லாம் ஒன்றுவிடாமற் சேர்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கிளினிக்குக்குப் புறப்படுகிறாள். அவ்வளவே கதை.

தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் குளிசையிலுள்ள இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாமற் பெருமளவு தடுத்துவிடும் என்பது வைத்தியம் அறிந்த உண்மை. குளிசையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், தேநீர் பின்னர்தான். சிங்களத்திற் கூறப்பட்டது இதுவே என்பதைக் கதாசிரியை ஓரிடத்திலும் விளக்கவில்லை. அறிந்தவர் அறியட்டும் என்று விட்டிருக்கிறார். பறித்துக் கொடுத்த தேயிலையே பறித்தவளின் இரத்தத்தை மறித்து நிற்கும் இக்காட்சியில் எவ்வளவு பொருள் செறிந்திருக்கிறது! மலையகத்தில், குறிப்பாக நுவரெலியா மாவட்டத்தில், நிறை குறைந்த குழந்தைகள் பிறக்கும் விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிட உயர்ந்தே இருந்து வருகிறது என்ற செய்தியைப் புள்ளிவிவரமாகப் பலமுறை வாசித்திருக்கிறேன். அதற்கு ஊட்டக்குறைவு, வேலைப்பளு, தாயின் உயரம் எனக் காரணங்கள் பல உண்டு என்பதும் தெரியும். ஆனால் அக்காரணங்களுள் ஒன்று ஒரு பெண்ணின் தொண்டைவழியே இறங்குவதை நான் கண்டது இந்தக் கதையிலேதான்.

இன்னுமொன்றும் நினைவுக்கு வருகிறது. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், பிரசவ வைத்தியம் பற்றிய நூலொன்றைத் தமிழில் அச்சிட்டது 1857இல். தம் மாணவர்க்கு 1860களில் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைப் போதித்தவர் அவர். அவரது நோக்கத்தில் மதம் பரப்புதலும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோயாளியின் மொழியிற் பேசாத வைத்தியம் பாதி வைத்தியமே என்பதை அவர் அறிந்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிய பின்பும், நாட்டின் அரசியலமைப்பிலே தமிழ் ஓர் அரசகரும மொழியாக எழுதப்பட்ட பின்பும், "தண்ணீரோடு விழுங்கு" என்ற இரு சொற்கள் டிஸ்பென்சரி மேசையைக் கடந்து ஒரு தாயிடம் வந்து சேரவில்லை. இலவசம் என்பதும் சமத்துவம் என்பதும் ஒன்றல்ல. குளிசை இலவசமாகத்தான் கிடைத்தது.

கதை குறையற்றது என்று நான் கூறவரவில்லை. முதற்பந்தி முழுவதும் பனிமூட்டத்தைப் பற்றிய வருணனை. அது நாம் முன்னரே பலமுறை வாசித்த பனிமூட்டந்தான். கணவன் வெறுங் குடிகாரனாக வந்து போகிறான். கள்ளுப்போத்தலைத் தவிர அவனுக்கு வேறு முகமில்லை. மருத்துவமாதுவை ஆசிரியை வெளியிலிருந்தே பார்க்கிறார். ஒருத்தியாக நின்று எத்தனை தோட்டங்களின் கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, மழையில் எந்த ஏற்றத்தை நடந்து கடந்து வந்தாள், தமிழ் படிக்க அவளுக்கு யார் வாய்ப்பளித்தார்கள் என்பவை கதைக்குள் வந்திருந்தால், ஏசுகின்ற வாயும் ஏச்சு வாங்குகின்ற செவியும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள் என்பது விளங்கியிருக்கும். அன்றியும், இக்கதையிலும் பெண் கர்ப்பிணியாக இருப்பதனாலேயே கவனிக்கப்படுகிறாள். பிள்ளை பிறந்த பின் அவளுக்கு உடம்பு உண்டென்பதை வைத்தியமும் மறந்துவிடுகிறது, இலக்கியமும் மறந்துவிடுகிறது. முப்பத்தைந்து வயதான பெண்களைச் சோதித்துக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் நீரிழிவையும் முன்கூட்டியே கண்டறியும் கிளினிக்குகள் இந்நாட்டில் 1996 முதல் நடைபெறுகின்றன. கருப்பை இறங்கி, பாரந்தூக்க முடியாமல், வெட்கத்தால் எவரிடமும் கூறாமல் இருபது ஆண்டு கொழுந்துக்கூடை சுமந்த ஒருத்தியை நம்மில் எவரேனும் கதாநாயகியாக்கியதுண்டா? நாம் அறிந்த நோயாளிப் பெண் இருபது வயதில் அழகாக இருமுகிறவள்.

மதிப்பீட்டுக்காக நாங்கள் மூவரும் கூடிய அன்று நான் இக்கதைக்கே முதலிடம் கேட்டேன். எங்களுள் மூத்தவர், ஓய்வுபெற்ற அதிபர், நல்ல வாசகர், கைப்பிரதியை இருமுறை புரட்டிவிட்டு, "தம்பி, கதையெண்டால் ஏதும் நடக்க வேணுமெல்லே? இவள் குளிசை விழுங்கினாள், அவ்வளவுதானே?" என்றார்.

"அவ்வளவுதான் மாஸ்டர். அதுதான் நடந்தது" என்றேன்.

மற்றவர் பேசாமல் இருந்தார். முதற்பரிசு, மழையில் விளக்கு அணைந்த கதைகளுள் ஒன்றுக்குச் சென்றது. அது நன்றாக எழுதப்பட்ட கதை என்பதையும் நான் மறுக்கவில்லை.

போட்டி முடிந்த பின் முகவரி பெற்று அந்த மாணவிக்கு எழுதினேன். மேலே கூறிய குறைகளையும் மறைக்காமல் எழுதினேன். மூன்று வாரங்களின் பின் பதில் வந்தது. கதையிலுள்ள பெண் தன் தாய்தான் என்றும், வயிற்றிலிருந்த பிள்ளை தான்தான் என்றும், பிறந்தபோது தன் நிறை இரண்டு கிலோவுக்குச் சற்றே மேல் எனக் கிளினிக் அட்டையில் எழுதியிருப்பதாகவும், எழுத்தறியாத தாய் அந்த அட்டையை இன்னும் பெட்டிக்குள் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். தாய் இப்போது பிரஷருக்குக் குளிசை எடுக்கிறாளாம். அதையும் சாயத்தண்ணியோடுதான் விழுங்குகிறாளாம். மருத்துவமாதுவுக்கு ஒரு பக்கம் சேர்த்துக் கதையைத் திருத்தி எழுதிக்கொண்டிருப்பதாகவும், பனிமூட்டத்தை நீக்கிவிட்டதாகவும் கடைசி வரியிற் குறித்திருந்தாள்.